கிட்டார் பெடல் வாங்கும் முன் கம்ப்யூட்டரில் கேட்டுப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் பாட்டுக் கேட்பார்கள், படம் பார்ப்பார்கள். வீட்டில் எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றும் இருந்தால், அதே கம்ப்யூட்டர் இன்னொரு வேலையும் செய்திடும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்க நினைக்கும் ஓவர்டிரைவ் பெடல் உங்களுக்குப் பொருந்துமா என்று கடைக்குப் போகும் முன்பே காட்டிவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், தீபாவளி போனஸ் வந்ததும் என்னிடம் வந்தார். "அண்ணா, லோ கெய்ன் ஓவர்டிரைவ் ஒண்ணு வாங்கப் போறேன். எது நல்லது?" ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசிப்பவர். "கிட்டார் வயரை எதுல சொருகுற?" என்றேன். "மிக்சர்லதான்." அந்தப் பதிலிலேயே அவர் வாங்க வேண்டிய பொருள் மாறிவிட்டது. ஏன் என்று பார்க்கலாம்.

கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. ஓவர்டிரைவ் பெடல் அதைப் பல மடங்கு பெரிதாக்கி, ஓர் அளவுக்கு மேல் போகும் அலையின் தலையை டையோடு கொண்டு மழுக்குகிறது. எத்தனை மடங்கு என்பதுதான் கெய்ன். லோ கெய்ன் பெடலில் மெதுவாக மீட்டினால் ஒலி சுத்தமாக இருக்கும். அழுத்தி மீட்டினால் மட்டும் லேசாகக் கரகரக்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆடாசிட்டி என்னும் இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். ஜெனரேட் மெனுவில் டோன் தேர்ந்தெடுத்து, சைன் அலை, 440 ஹெர்ட்ஸ் என அமைத்து ஓகே கொடுங்கள். அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் வழவழப்பான மேடு பள்ளங்கள் தெரியும். அடுத்து எபெக்ட் மெனுவில் டிஸ்டார்ஷன் பிரிவுக்குச் சென்று சாஃப்ட் ஓவர்டிரைவ் தேர்ந்தெடுங்கள். மேடுகளின் தலை தட்டையாகிவிடும். இப்போது அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் திறந்தால், 440 தவிர 1,320, 2,200 ஹெர்ட்ஸ் இடங்களிலும் புதிய சிகரங்கள் முளைத்திருக்கும். நாம் "கனமான சவுண்டு" என்று சொல்வது இந்தப் புதிய சிகரங்களைத்தான். அவை இன்னும் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும்.

தம்பியின் சிக்கல் இங்குதான் இருக்கிறது. கிட்டார் ஆம்ப்ளிபயரில் உள்ள ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியை வெகுவாகக் குறைத்துவிடும். ஓவர்டிரைவ் பெடல்கள் எல்லாம் அதை நம்பி வடிவமைக்கப்பட்டவை. மேடையில் வைக்கும் பி.ஏ. ஸ்பீக்கர்கள் அப்படியல்ல, பாடுபவரின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால் உச்ச ஒலி அனைத்தையும் வெளியே விடும். பெடலை நேராக மிக்சரில் சொருகினால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டியது போல் இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த பெடலானாலும் இதே கதைதான்.

உங்கள் கிட்டாரிலேயே சோதித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரின் மைக் ஜாக்கில் கிட்டாரை நேராக இணைக்க வேண்டாம். அதன் இம்பீடன்ஸ் மிகக் குறைவு என்பதால் ஒலி மங்கிவிடும். "இன்ஸ்ட்ருமென்ட்" என்ற பட்டன் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் வேண்டும். நண்பரிடம் ஒரு நாள் இரவல் வாங்கினாலே போதும். எந்த எபெக்டும் இல்லாமல் ஒரு நிமிடம் வாசித்து ரெக்கார்ட் செய்யுங்கள். மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது. பிறகு சாஃப்ட் ஓவர்டிரைவ் கொடுத்துக் கேளுங்கள், வண்டு பறக்கும். அதன் மேல் லோ-பாஸ் பில்டரை 5,000 ஹெர்ட்ஸில் கொடுத்து மீண்டும் கேளுங்கள். ஆம்ப்ளிபயர் முன் உட்கார்ந்தது போல் மாறிவிடும்.

தம்பி இதைக் கேட்டதும் சற்று நேரம் பேசவே இல்லை. கடைசியில் அவர் வாங்கியது, ஓவர்டிரைவும் ஸ்பீக்கர் சிமுலேஷனும் சேர்ந்தே உள்ள சிறிய மல்டி எபெக்ட் ஒன்று. போனஸில் மீதியும் இருந்தது.

உங்களிடம் கிட்டார் ஆம்ப்ளிபயர் இருக்கிறது என்றால் கதை வேறு. தாராளமாகப் பெடல் வாங்கலாம். ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர் 1979 வாக்கில் வந்தது, 1982ல் டி.எஸ். 9 ஆனது. ஒலியை மழுக்கும் முன் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துக்கொள்வதால், சோலோ வாசிக்கும்போது கூட்டத்தில் தனியாக எழும்பும். தனியாகக் கார்டு வாசிப்பவருக்கு அடி ஒலி மெலிந்தது போல் தோன்றும். இன்னொன்று, டிரைவ் குமிழை முழுவதும் குறைத்தாலும் அதன் சர்க்கியூட் ஏறக்குறைய 12 மடங்கு பெரிதாக்கும். முழுவதும் திருப்பினால் 118 மடங்கு. இதே சர்க்கியூட்டைப் பின்பற்றிய டி.எஸ்.ஈ. 808 என்ற இலவசப் பிளக்-இன்னை ஆடாசிட்டியில் சேர்த்து, ரெக்கார்ட் செய்ததை ஓடவிட்டுக் குமிழ்களைத் திருப்பிப் பார்க்கலாம். லோ-பாஸ் பில்டரை மறந்துவிடாதீர்கள்.

கார்டு அதிகம் வாசிப்பவர்களுக்கு 1995ல் வந்த பாஸ் பி.டி. 2 அல்லது மார்ஷல் புளூஸ்பிரேக்கர் வகைதான் என் தேர்வு. விரல் அழுத்தத்துக்கு நன்றாகக் கட்டுப்படும். க்ளான் சென்டார் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். பழைய பெடல் ஒன்றுக்கே ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கலாம்.

கடையில் சோதிக்க உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அண்ணாசாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிகல் போன்ற கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். டிரைவைக் குறைத்து, லெவலைக் கூட்டி வாசியுங்கள். பிறகு கிட்டாரின் வால்யூமைப் பாதியாக்குங்கள். கரகரப்பு மறைந்து ஒலி சுத்தமானால் அது நல்ல லோ கெய்ன் பெடல்.

வீட்டில் "ம்ம்" என்ற இரைச்சல் வந்தால், தொழிற்சாலைப் பகுதி கரண்ட் என்று பழி போடும் முன் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பாதி நேரம் அதுதான் காரணம். இரைச்சலைப் போக்க எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். இன்டர்நெட் மோடத்தின் பழைய அடாப்டரைப் பெடலில் சொருகவும் கூடாது. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை நெகடிவ். மோடம் அடாப்டர்களில் பொதுவாக நடு முனை பாசிடிவ்.