போன்சாய்க்குத் தொட்டி மாற்றும் காலம்

மயிலை, அடையாறு மாடிகளில் ஆலும் இச்சியும் போன்சாயாக வளர்க்கும் அங்கத்தினர், ஜப்பானிய முறையைப் பின்பற்றிப் பங்குனியில் தொட்டி மாற்ற முற்படுவதுண்டு. குளிரில் உறங்கிய மரம் விழிக்கும் காலம் அங்கு அது; நமக்கோ அடுத்து வருவது கத்திரி வெயில். நறுக்கிய வேர் தேறி நீர் உறிஞ்சுமுன் இலை வற்றிவிடும். பத்தாண்டு உழைப்பு பத்தே நாளில் சருகாகலாம்.

ஆகவே சென்னைக்கு ஆடி, ஆவணியே உகந்ததென்போம். வெப்பமும் உண்டு, மாலை மழையும் உண்டு. ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். அடைமழையில் வெட்டிய வேரோ அழுகும். பெங்களூரில் ஆனி மழை தொடங்கியதும் மாற்றலாம். உதகையில் உறைபனி நீங்கி, சித்திரையில் வெப்பம் ஏறும்வரை பொறுத்தல் வேண்டும்.

வடிகால் துளையில் வேர் தலைகாட்டாத மரத்தை இவ்வாண்டு தொடவே வேண்டாம். மாற்றுவோர், மூன்றிலொரு பங்குக்கு மேல் வேரை நறுக்காது, மூன்று வாரம் நிழலில் வைத்திருக்க வேண்டுகிறோம்.