செம்பனை எண்ணெய்: புற்றுநோய்க்குத் துணையா, தடையா?

பிரிக்பீல்ட்ஸ் கடையில் பொரியும் வடையானாலும், கிள்ளானில் வீட்டில் தாளிக்கும் குழம்பானாலும், சட்டியில் இருப்பது பெரும்பாலும் செம்பனை எண்ணெய்தான். அது புற்றுநோயை வளர்க்கும் என்பார்கள் சிலர். தடுக்கும் என்பார்கள் வேறு சிலர். இரு தரப்புக்கும் ஆய்வுகள் உண்டு. அவை எதைச் சோதித்தன என்று பார்த்தால் குழப்பம் குறையும்.

புற்றணுக்களைத் தேடி அழிப்பவற்றுள் இயற்கைக் கொல்லி அணுக்கள் முக்கியமானவை. ஒரு கொல்லி அணு புற்றணுவை ஒட்டிக்கொண்டு, நச்சுப் புரதம் நிறைந்த நுண்துகள்களை அதன்மீது செலுத்தும். உடற்பருமன் உள்ளவர்களிடம் இந்த அணுக்களுக்குள்ளேயே கொழுப்பு சேர்ந்துவிடுவதை லிடியா லிஞ்சின் ஆய்வுக்குழு 2018இல் காட்டியது. அப்போதும் அணு எதிரியை அடையாளம் காண்கிறது. துகள்களைச் செலுத்தத்தான் அதற்குச் சக்தி இருப்பதில்லை.

எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல என்று அதே குழு 2025இல் கண்டது. வெண்ணெய், பன்றிக்கொழுப்பு, மாட்டுக்கொழுப்பு தின்று பருத்த எலிகளில் கட்டி வேகமாக வளர்ந்தது. தேங்காய், ஆலிவ், செம்பனை எண்ணெய்களில் பருத்த எலிகளில் அந்த வேகம் இல்லை.

ஆனால் 2021இல் பார்சலோனா ஆய்வாளர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய 44 விழுக்காடு இருக்கும் பால்மிட்டிக் அமிலம், எலிகளில் புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதை ஊக்கியது. அந்த எலிகளில் செலுத்தப்பட்டவை மனிதப் புற்றணுக்கள். அவை தங்குவதற்கு, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகள்தான் தேவை. ஆகவே கொல்லி அணுக்களின் பங்கை அங்கே பார்க்க இயலாது.

செம்பனை எண்ணெயில் உள்ள டோகோட்ரையினால் என்ற வைட்டமின் ஈ வகையை மலேசியாவிலேயே சோதித்திருக்கிறார்கள். எலிகளில் அது புற்றுநோய்த் தடுப்பூசிக்கு வலுச் சேர்த்தது. கலாநிதி நேசரத்தினம் குழுவினர் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் கொண்ட 240 பெண்களுக்கு, தமோக்சிபன் மருந்தோடு டோகோட்ரையினாலையோ போலி மாத்திரையையோ ஐந்தாண்டுகள் கொடுத்தார்கள். உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை என்று 2010இல் வெளியிட்டார்கள்.

ஆகவே சமையல் எண்ணெயை மருந்தாக நம்பவும் வேண்டாம், நஞ்சாக அஞ்சவும் வேண்டாம். நலமாக இருப்பவர்கள் எடையைக் கட்டுக்குள் வைத்தால், கொல்லி அணுக்கள் தம் வேலையைச் செய்ய வழி கிடைக்கும். சிகிச்சையில் மெலிந்துபோனவர்கள் எண்ணெயை அடியோடு நிறுத்தினால் மேலும் பலவீனப்படுவார்கள். உணவை மாற்றும் முன்னும், வைட்டமின் மாத்திரை வாங்கும் முன்னும், சிகிச்சை தரும் மருத்துவரைக் கேளுங்கள்.