மூன்று தரம் சொன்ன பிறகு

‘ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்!’ என்று கூவி முடித்ததும் ஏலம் முடிகிறது. பொருளின் விலையும் முடிவாகிறது. நாம் அறிந்த ஏலம் இதுதான். ஆனால் அஞ்சல் தலை, பழைய நாணயம், ஓவியம், கடிகாரம் போன்ற அரும்பொருள்களை விற்கும் மேலைநாட்டு ஏல இல்லங்களில் கதை வேறு. அங்கே மேசைமீது சுத்தியல் விழும்போது முடிவது ஏலம் மட்டுமே; கணக்கு அதன் பிறகுதான் தொடங்குகிறது.

வணிகவியல் பாடம் நடத்தும் எனக்கு அஞ்சல் தலை சேர்க்கும் பழக்கமும் உண்டு. ஏலப் பட்டியல் கிடைத்தால் படங்களைப் பார்த்த கையோடு, கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் விற்பனை நிபந்தனைகளையும் படித்துவிடுவேன். வெளிநாட்டு ஏலத்தில் கைப்பேசி வழியாகவே விலை கேட்கலாமா என்று மாணவ நண்பர்கள் சிலர் இப்போது என்னை வினவுகின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

சுத்தியல் விழுந்தபோது கேட்கப்பட்டிருந்த தொகைக்குச் ‘சுத்தியல் விலை’ என்று பெயர். விற்பவரிடமிருந்து மட்டுமே கமிஷன் பெறுவது இலண்டன் ஏல இல்லங்களின் பழைய வழக்கம். 1975ஆம் ஆண்டில் கிறிஸ்டீஸ் நிறுவனமும், அதைத் தொடர்ந்து சோதபீஸ் நிறுவனமும் வாங்குபவரிடமும் 10 சதவிகிதம் பெறத் தொடங்கின. இதுவே ‘பையர்ஸ் பிரீமியம்’ எனப்படும் வாங்குவோர் கமிஷன். பத்தில் தொடங்கியது பத்தோடு நிற்கவில்லை. 2023இல் கிறிஸ்டீஸ், 10 இலட்சம் டாலர் வரையுள்ள விலைக்கு 26 சதவிகிதம் என்று வைத்தது. 2025இல் சோதபீஸ், 20 இலட்சம் டாலர் வரை 27 சதவிகிதம் என்று வைத்தது. அதற்கு மேற்பட்ட விலைக்குச் சதவிகிதம் படிப்படியாகக் குறையும். ஆகவே சிறிய தொகைக்கு வாங்குபவரே விகிதப்படி அதிகம் கொடுக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கமிஷனின் வளர்ச்சியை ஒரே ஓர் அஞ்சல் தலையின் வரலாற்றில் காணலாம். 1856இல் பிரிட்டிஷ் கயானாவில் அச்சிடப்பட்ட ஒரு சென்ட் மெஜந்தா நிற அஞ்சல் தலை உலகப் புகழ் பெற்றது. 1970இல் அது நியூயார்க்கில் 2,80,000 டாலருக்கு ஏலம் போயிற்று. 1980இல் 8,50,000 டாலருக்குச் சுத்தியல் விழுந்தது. 10 சதவிகிதக் கமிஷனும் சேர்ந்து, வாங்கியவர் கொடுத்தது 9,35,000 டாலர். 2014இல் சுத்தியல் விலை 79 இலட்சம் டாலர். கொடுத்ததோ 94,80,000 டாலர். வித்தியாசம் 15,80,000 டாலர். அதாவது, 1980இல் அஞ்சல் தலைக்குக் கொடுத்த முழுத் தொகையைவிட 2014இல் கொடுத்த கமிஷன் மட்டுமே அதிகம்!

கமிஷனோடு முடிகிறதா என்றால், இல்லை. பிரிட்டனில் அந்தக் கமிஷன்மீது 20 சதவிகித மதிப்புக் கூட்டு வரி உண்டு. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். சுத்தியல் விலை 1,000 பவுன். கமிஷன் 26 சதவிகிதம் என்று கொள்வோம்:

சுத்தியல் விலை – 1,000 பவுன்
கமிஷன் – 260 பவுன்
கமிஷன்மீது வரி – 52 பவுன்
ஆக மொத்தம் – 1,312 பவுன்

பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, உரிய நிபந்தனைகளை நிறைவேற்றினால், இந்த வரியைத் திரும்பப் பெற வழியுண்டு. ஆனால் அப்போது வேறு செலவுகள் வரிசையில் வந்து நிற்கும். கட்டுக்கூலி, அனுப்பும் செலவு, காப்பீடு, வங்கிக் கட்டணம், நாணய மாற்றில் ஏற்படும் இழப்பு, வந்து சேரும் நாட்டின் சுங்கவரி ஆகியவை அவை. இணைய வழியே கேட்பவருக்குச் சில இல்லங்களில் தனிக்கட்டணம் உண்டு. குறித்த நாளுக்குள் பொருளை எடுக்காவிட்டால் கிடங்கு வாடகையும் சேரலாம். பிரிட்டனில் ஓவியம் வாங்கினால், ஓவியர் உயிருடன் இருந்தாலோ, இறந்து 70 ஆண்டுகள் ஆகாமல் இருந்தாலோ, அவருக்கோ வாரிசுகளுக்கோ சேரும் மறுவிற்பனை உரிமைத் தொகையும் வாங்குபவர் தலையில் விழக்கூடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஏலத்திற்கு முன் பட்டியலில் அச்சிடப்படும் மதிப்பீட்டில் கமிஷன் சேராது. ஏலம் முடிந்தபின் பெரிய இல்லங்கள் வெளியிடும் விலையிலோ கமிஷன் சேர்ந்திருக்கும். மேற்சொன்ன அஞ்சல் தலைக்கு 2014இல் மதிப்பீடு ஒரு கோடி முதல் இரண்டு கோடி டாலர் வரை. வெளியான விலையைப் பார்த்தால், மதிப்பீட்டை ஏறக்குறைய எட்டிவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் ஒப்பிட வேண்டிய தொகை 79 இலட்சமே. இரண்டு வேறு அளவுகோல்களை ஒன்றாக எண்ணி மயங்கலாகாது.

அரும்பொருள் வாங்குவது நல்ல முதலீடு என்பாருக்கும் இதில் பாடமுண்டு. 1,312 பவுன் கொடுத்தவர், மறுநாளே அதே பொருளை விற்று மீண்டும் 1,000 பவுனுக்குச் சுத்தியல் விழுந்தால், அந்த ஆயிரத்திலும் விற்பனைக் கமிஷன் போகத்தான் மீதி கிடைக்கும். போட்ட பணத்தை எடுப்பதற்கே விலை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயர வேண்டியிருக்கும். அந்தக் கயானா அஞ்சல் தலையே 2021இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது, கமிஷன் உட்பட 83,07,000 டாலருக்குத்தான் போயிற்று.

அப்படியானால் ஏலத்தில் வாங்கவே கூடாதா? தாராளமாக வாங்கலாம், ஆனால் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். செலவிடக்கூடிய மொத்தத் தொகையை முதலில் எழுதுங்கள். அதிலிருந்து அனுப்பும் செலவையும் சுங்கவரியையும் கழியுங்கள். மீதியை, மேற்கண்ட நிபந்தனைப்படி என்றால், 1.312ஆல் வகுத்துவிடுங்கள். மீதி 1,000 பவுன் என்றால் விடை ஏறத்தாழ 762. அதுவே நீங்கள் கேட்கக்கூடிய உச்ச விலை. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் 770க்குப் போனால், மூன்றாம் தரம் சொல்வதற்குள் ஒதுங்கிவிடுங்கள். பொருள் இன்னொரு நாள் கிடைக்கும். கடன் வாங்கிச் சேர்த்த பொருளில் மகிழ்ச்சி கிடைக்காது.