கரும்புகை ஏன் வருகிறது?

மகிழுந்தின் புகைக்குழாய் விளிம்பில் படியும் கரி தெருப்புழுதியன்று. முழுமையாக எரியாத எரிபொருளில் எஞ்சிய கரிமத் துகள். உரிமையாளர் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதியே அது!

1 கிலோ பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். தில்லி போன்ற புழுதி மிகுந்த நகரங்களில் காற்று வடிகட்டி விரைவில் அடைபடும். கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகளில் கரும்புகைக்கு அதுவே போதும். புதிய வண்டிகளில் உணரிகள் காற்றை அளந்து எரிபொருளைக் குறைத்துக்கொள்ளும். உணரி பழுதானாலோ இன்ஜெக்டர் கசிந்தாலோ அக்கணக்குத் தவறிவிடும்.

டீசலின் நிலை வேறு. அழுத்தத்தால் சூடேறிய காற்றினுள் அது நுண்துளிகளாகப் பீச்சப்படுகிறது. இன்ஜெக்டர் தேய்ந்தால் துளிகள் பெரிதாகும். அவற்றைச் சுற்றியுள்ள காற்று போதாமல் கரி உண்டாகும். 2020 ஏப்ரலில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளுக்கேற்ப, டீசல் மகிழுந்துகளில் கரித்துகள் வடிகட்டி பொருத்தப்படுகிறது. அதில் சேரும் கரி எரிந்து தீர, வண்டி நெடுந்தொலைவு நிற்காமல் ஓடிச் சூடேற வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டுமே சென்றுவரும் வண்டியில் அஃது அடைத்துக்கொள்ளும். பொறுமையிழந்த சிலர் வடிகட்டியையே கழற்றிவிடுகின்றனர். வண்டி தடையின்றி ஓடும். அது கக்கும் கரியோ சாலையோரம் நடந்துசெல்லும் குழந்தைகளின் நுரையீரலுக்குள் சென்று தங்கும்.