மேசைமேல் ஒரு கைப்பேசி

தேர்வு நெருங்கிய வேளையில் என் மாணவர் ஒருவர், "சமூக வலைத்தளத்தைத் திறக்கவேயில்லை, ஐயா, ஆயினும் பாடம் மனத்தில் நிற்கவில்லை" என்று வருந்தினார். கைப்பேசி எங்கிருந்தது என்று வினவினேன். ஒலியடக்கி, நூலருகே கவிழ்த்து வைத்திருந்தாராம்!

2017ஆம் ஆண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழக அறிஞர் ஏட்ரியன் வார்டும் பிறரும் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒலியடக்கிய கைப்பேசியை மேசைமேல் வைத்த மாணவர்களைக் காட்டிலும் வேறு அறையில் வைத்தவர்களே நினைவாற்றல் சோதனையில் சிறந்து நின்றனர். பின்னர் நடந்த சோதனைகள் சிலவற்றில் இவ்வேற்றுமை தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் யார் என்ன எழுதினரோ, எத்தனை பேர் விரும்பினரோ என்னும் நினைவை அடக்குவதும் மனத்திற்கு ஒரு வேலையன்றோ? அதற்குச் செலவாவது பாடத்திற்குரிய கவனமே. இவரோ தம் அறிவையே நொந்துகொண்டிருந்தார்.

இப்போது அக்கருவியை விடுதியில் விட்டுவிட்டு நூலகம் செல்கிறார். முதலிரண்டு நாள் கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்ததாம்.