கறுப்புப் புகை கக்கும் பழைய கார்: கோளாறு எங்கே?

விடியற்காலை நான்கு மணி. பின் இருக்கையைக் கழற்றிவிட்டுக் கத்தரிக்காய் மூடைகள் அடுக்கிய பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று சாவகச்சேரிச் சந்தைக்குப் புறப்பட்டது. பாதி வழியில் இருமியது, குலுங்கியது, கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. மறுபடி இயங்கிச் சந்தையை அடைந்தபோது மொத்த வியாபாரிகள் போய்விட்டார்கள். கிடைத்த விலை பெற்றோல் காசுக்கும் காணவில்லை.

இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் குடும்பம் அது. அவர்களிடம் மிஞ்சிய பெரிய சொத்து அந்தக் கார்தான். கராச் ஒன்றில் காட்டியபோது, “காபரேற்றர் முடிஞ்சுது, மாத்த வேணும்” என்றார்கள். கேட்ட தொகை ஒரு போகத்து இலாபம்.

பக்கத்து வீட்டில் முன்பு ஹயர் கார் ஓடிய முதியவர் ஒருவர் இருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, பிளக்கைக் கழட்டிப் பாத்தனியே?”

“இல்லை அண்ணை, காபரேற்றர் எண்டுதான் சொன்னாங்கள்.”

“முதல்ல பாப்பம். பிறகு காசு செலவழிப்பம்.”

இந்தக் கட்டுரையின் சாரமும் அதுதான். பழைய கார் எங்களுக்கு ஆடம்பரப் பொருள் அல்ல. மரக்கறியைச் சந்தைக்கும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோவது அதுதான். 1990க்குப் பின் பெற்றோல் தடைசெய்யப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர் கொடுத்து மண்ணெண்ணெயில் இந்தக் கார்களை ஓட்டினோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும் இவை உதவின. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான் முதலில் கிடைத்தது. ஒவ்வொரு துளியும் பெறுமதியானது என்பதை நாம் பட்டுத்தான் அறிந்தோம்.

பெற்றோல் கூடினால் என்ன?

பெற்றோல் தனியாக எரியாது. நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோல் முழுமையாக எரிய 9,000 லீற்றருக்கு மேற்பட்ட காற்று தேவை. ஒரு சிறிய அறை நிறைந்த காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவில் காற்றுக் குறைந்தாலோ பெற்றோல் கூடினாலோ மிச்சம் கரியாகிப் புகையாக வெளியேறும்.

லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய கார் 8 கிலோமீற்றர்தான் ஓடுகிறது என்றால், 36 கிலோமீற்றர் போய்வரும் சந்தைப் பயணத்தில் ஒன்றரை லீற்றர் வீணாகிறது. இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாதது. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எஞ்சின் ஒயில் இளகும், பெயறிங்குகள் தேயும். ஒயில் அளவுக் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால், அல்லது ஒயில் மட்டம் தானாக உயர்ந்திருந்தால், கோளாறைத் திருத்தியபின் ஒயிலையும் மாற்றவேண்டும்.

புகையும் பிளக்கும் சொல்வது

கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூடுதல். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. எஞ்சின் சூடான பின்பும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

அடுத்ததாக நான்கு பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள். சாம்பல் கலந்த மண்ணிறம் நல்லது. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூடுதல். ஈரப்பசையான கறுப்பு என்றால் ஒயில்.

நான்கும் கரி பிடித்திருந்தால் காபரேற்றர் பக்கம் பாருங்கள். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் காபரேற்றரைத் தொடாதீர்கள். அந்தச் சிலிண்டரின் பிளக், வயர், வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். நெருப்புப் பொறி பலவீனமானாலும் கரி பிடிக்கும். மொறிஸ் மைனருக்குப் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம். இவற்றை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்.

செலவில்லாத சோதனைகள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பிழை என்று தெரியாமலே போய்விடும்.

1. காற்று வடிகட்டி: அதைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் எஞ்சினை ஓடவிடுங்கள். புகை குறைந்தால் வடிகட்டி அடைபட்டிருக்கிறது. செம்மண் வீதியில் ஓடும் காருக்கு இது அடிக்கடி வரும். வடிகட்டி இல்லாமல் ஓடித்திரிய வேண்டாம். புழுதி எஞ்சினைத் தின்றுவிடும்.

2. சோக்: குமிழை உள்ளே தள்ளினாலும் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். எஸ்.யூ. காபரேற்றரில் சோக் இழுத்தால் ஜெற் கீழே இறங்கும். தள்ளியபின் அது முழுமையாக மேலே வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். வேறு வகைகளில் காபரேற்றர் வாயிலுள்ள தகடு முழுமையாகத் திறக்கவேண்டும்.

3. மிதவை: வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் மிதக்கும் பந்து தண்ணீரை நிறுத்துவது போலவே, காபரேற்றரில் மிதவையும் ஊசி வால்வும் பெற்றோலை நிறுத்துகின்றன. ஊசியின் கீழ் ஒரு தூசி இருந்தாலே பெற்றோல் நிற்காது. மின்சாரப் பெற்றோல் பம்ப் உள்ள காரில், எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். “டிக், டிக்” சத்தம் சில விநாடிகளில் நிற்கவேண்டும். தொடர்ந்து கேட்டால் பெற்றோல் எங்கோ வழிகிறது, அல்லது பம்ப் காற்றை இழுக்கிறது. பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் ஓட்டை. சுடுநீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் அதைக் காட்டும்.

4. பிஸ்ரன்: எஸ்.யூ. காபரேற்றரின் பிஸ்ரனை விரலால் தூக்கி விட்டால் “டக்” என்று விழவேண்டும். பின்னர் எஞ்சின் சூடாக ஓடும்போது, பக்கத்திலுள்ள சிறு ஊசியால் அதை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகமெடுத்து அப்படியே ஓடினால் பெற்றோல் கூடுதல். கணநேரம் வேகமெடுத்து அடங்கினால் சரி. தடுமாறி நின்றால் பெற்றோல் குறைவு. கூடுதலானால் அடியிலுள்ள ஜெற் நட்டை மேல்நோக்கி, அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு மட்டும் திருப்பிவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

5. தேய்மானம்: இவை எல்லாம் சரியாக இருந்தும் புகை நிற்காவிட்டால்தான் ஜெற்றும் ஊசியும் தேய்ந்திருக்கலாம் என்று நினைக்கவேண்டும். முன்பு மண்ணெண்ணெய்க்காக யாராவது காபரேற்றரில் மாற்றம் செய்தார்களா என்றும் விசாரியுங்கள்.

அந்தக் காருக்கு என்ன நடந்தது?

நான்கு பிளக்குகளும் கரி. வடிகட்டி சரி, சோக்கும் சரி. சாவியைத் திருப்பியபோது பம்ப் ஓயாமல் அடித்தது; வழிவு குழாயிலிருந்து பெற்றோல் சொட்டியது. மிதவைக் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் செந்நிறத் தூள். குடும்பம் இடம்விட்டு இடம் அலைந்த காலத்தில் கார் வெறும் தாங்கியுடன் பல மழைக்காலம் நின்றது. தாங்கி உள்ளே துருப்பிடித்து, அந்தத் துகள் ஊசி வால்வில் சிக்கியிருந்தது. தாங்கியைக் கழற்றிக் கழுவினார்கள். ஊசியையும் இருக்கையையும் பெற்றோலால் துடைத்தார்கள். குழாயில் சிறு வடிகட்டி ஒன்று போட்டார்கள். புதிய காபரேற்றர் தேவைப்படவில்லை.

எச்சரிக்கை

இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பீடி, சுருட்டு, விளக்கு அருகில் வேண்டாம். பெற்றோலை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். ஓட்டை மிதவையை, உள்ளிருக்கும் பெற்றோல் முழுவதும் வெளியேறாமல் பற்றவைக்கக் கூடாது; வெடிக்கும். பற்றவைக்கும் ஈயம் கூடினால் மிதவை பாரமாகி, பழைய கோளாறே திரும்பி வரும். மூடிய கொட்டிலில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். பெற்றோல் கூடிய புகையில் காபன் மொனொக்சைட் அதிகம். அதற்கு மணமில்லை, ஆளைக் கொல்லும்.

வழியில் பெற்றோல் நிரம்பி நின்றுவிட்டால் சோக்கை உள்ளே தள்ளி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடியே ஸ்ராட் செய்யுங்கள். மீண்டும் மீண்டும் மிதித்து விடாதீர்கள்.

தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்திலும் வடிகட்டி, சோக், மிதவை என இதே பாகங்கள்தான். காரில் கற்றதை அங்கும் பயன்படுத்தலாம். கராச்சுக்குப் போகவே கூடாது என்பதல்ல. போகுமுன் நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள்.