பாரிஸில் இருக்கும் பிரேசில் செடிகள்

ஓகுஸ்த் த சேன்ட்-ஹிலேர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1816 முதல் 1822 வரை பிரேசிலின் காடுமேடெல்லாம் அலைந்து, ஆயிரக்கணக்கான செடிகளை உலர்த்திச் சேகரித்தார். இன்றும் அவை பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிச் சேமிப்பகத்தில் உள்ளன. ஒரு புதிய இனத்துக்குப் பெயரிடும்போது சான்றாகக் காட்டிய உலர்செடிக்கு வகைமாதிரி என்று பெயர். சந்தேகம் வந்தால் அதோடுதான் ஒத்துப்பார்க்க வேண்டும். இத்தகைய மாதிரிகள் பாரிஸில் இருந்ததால், சொந்த ஊர்ச் செடியை இன்னதென்று உறுதிசெய்ய பிரேசில் ஆய்வாளர்கள் கடல் கடக்க வேண்டியிருந்தது. அது பெரிய அநியாயம்.

2010-ல் பிரேசில் தொடங்கிய ‘ரெஃப்ளோரா’ திட்டம் இதற்கு வழிசெய்தது. பாரிஸிலும் லண்டனின் கியூ பூங்காவிலும் இருந்த பிரேசில் செடிகளின் படங்கள் ரியோ டி ஜெனிரோ தாவரவியல் பூங்காவின் இணைய ஹெர்பேரியத்துக்கு வந்து சேர்ந்தன. யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

பாரிஸ் ஹெர்பேரியம் உலர்செடி ஒட்டிய 50 லட்சத்துக்கும் அதிகமான தாள்களைப் படமெடுத்திருக்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பார்கோடு. கன்வேயர் பெல்ட்டில் நகர்ந்து வரும் தாளை மேலிருந்து கேமரா படம்பிடிக்கும். அளவுகோலும் வண்ண அட்டையும் பக்கத்திலேயே இருக்கும்.

படமெடுப்பது சுலபம். தாளில் ஒட்டிய சீட்டைப் படிப்பதுதான் கஷ்டம். செடியைப் பறித்தது யார், எங்கே, எந்தத் தேதியில் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது இல்லையென்றால் செடி வெறும் சருகு. கையெழுத்து கோழிக் கிறுக்கல், மை மங்கியிருக்கும், ஊர்ப்பெயரே மாறியிருக்கும். இதற்காக ஆர்வலர்களைத் திரட்டும் ‘ஹெர்போனாட்’ தளத்தை பாரிஸ் அருங்காட்சியகம் 2012-ல் தொடங்கியது. சம்பளமில்லாமல் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும் அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்படிக் கிடைத்த விவரங்களை ‘டார்வின் கோர்’ என்ற பொது வடிவத்தில் பதிகிறார்கள். பல நாடுகளும் ஒரே தலைப்புகளில் பதிவதால், கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத் தளத்தில் அத்தனையையும் ஒருசேரத் தேடலாம். நூறாண்டுக்கு முன் ஒரு செடி எந்த மாதம் பூத்தது, இப்போது எப்போது பூக்கிறது என்று ஒப்பிட்டால், வெப்பம் கூடுவதன் விளைவு தெரியும். அரிய ஆர்க்கிட்டுகள் போன்றவற்றின் துல்லியமான இடத்தை மட்டும் மறைத்துவைப்பதுண்டு. பெயர்த்தெடுத்து விற்பவர்களும் இணையம் பார்க்கிறார்களே!

படத்திலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியாது, இலையின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது. ஆகவே படமெடுத்த பிறகும் மூலச்செடியைக் காக்கும் செலவு தொடரத்தான் வேண்டும். மூலம் ஒரே இரவில் அழிந்துபோகவும் கூடும்: 2018 செப்டம்பர் 2 இரவு ரியோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பூச்சிச் சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தது. அதன் ஹெர்பேரியம் தப்பியது, தனிக் கட்டடத்தில் இருந்ததால்.